கூட்டக் குறிப்பில் இல்லாதவை

தொடக்கம்: மாலை 6.47.
இடம்: பள்ளியின் உணவுக்கூடம்.
ஆறு வயதுக்காரர்களுக்கு அடித்த பெஞ்சுகளில்
முழங்கால் மார்பில் முட்ட
ஊர் உட்கார்ந்திருந்தது.
வெளியே சுப்பீரியர் ஏரி
கரையோரமாக உறையத் தொடங்கியிருந்தது.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
மணியடிப்பது என் வேலை.
எழுதுவது என் வேலை.
பேசுவது என் வேலையில்லை.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்
பழைய கணக்கை வைத்துத்தான்
நிலாவுக்கே போனோம் என்றார். கைதட்டல்.
அடுத்தவர், எல்லாம் வாஷிங்டனின் சதி என்றார்.
கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண்மணி
இப்போதெல்லாம் வாய்ப்பாடே கிடையாதாமே என்றார்.
அவர் முதுகுக்குப் பின்னால், சுவரில்,
ஏழாம் வாய்ப்பாடு தொங்கிக்கொண்டிருந்தது,
ஒப்பித்த பிள்ளைகளின் பெயருக்கு எதிரே
தங்க நிற நட்சத்திரங்களோடு.
யாரும் திரும்பவில்லை.

பிறகு ரெய்னோ லாட்டி. தூண்டில் கடைக்காரர்.
மகளின் தாளை நாலாக மடித்துச்
சட்டைப்பையில் வைத்திருந்தார்.
302-இல் 178 போனால்?
நீளமாக ஒரு கோடு, அதன்மேல் மூன்று வில்.
178-இலிருந்து 180-க்கு ஒரு தத்தல்,
அங்கிருந்து 200,
அங்கிருந்து ஒரே தாவாக 302.
"கழிக்கச் சொன்னால் தவளை வரைகிறார்கள்" என்றார்.
கூடம் குலுங்கிச் சிரித்தது.
"பக்கத்தில் கடன் வாங்கு, கழி, முடிந்தது. நாலு நொடி.
கடன் வாங்கவே தெரியாத ஒரு தலைமுறையை
வளர்த்துக்கொண்டிருக்கிறோம்."
அதற்கு வங்கி மேலாளரும் கைதட்டினார்.

ஆசிரியை மேரிபெத் கோவல்கி பதில் சொல்ல எழுந்தார்.
கருத்துருப் புரிதல், என்றார். எண்ணுணர்வு, என்றார்.
பன்முக உத்திகள், என்றார்.
பகலில் நான் இதே பள்ளியின் அலுவலகத்தில் இருப்பவள்.
கணக்கு நேரத்தில் வயிற்றுவலி என்று
என் மேசைக்கு வரும் பிள்ளைகளில்
அவர் வகுப்புப் பிள்ளை ஒன்றுகூட இருந்ததில்லை.
அதை அவர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவும் தெரியாது.
கடன் வாங்கும் முறையும் வரும்,
பனி உருகியதும் அதுதான் பாடம், என்று
கடைசியாக ஆரம்பித்தார்.
நானே மணியடித்துவிட்டேன்.

எழுதாதது ஒன்று:
போன சனிக்கிழமை ரெய்னோவின் கடையில்
உயிர்மீன் இரையும் இரண்டு ஈயக்குண்டும் வாங்கினேன்.
பதின்மூன்று டாலர் முப்பத்தைந்து காசு.
இருபதாக நீட்டினேன்.
ஈரக் கையால் என் உள்ளங்கையில்
ஒவ்வொன்றாக வைத்தார்.
ஐந்து காசு, "நாற்பது."
பத்துக் காசு, "ஐம்பது."
இரண்டு கால் டாலர், "பதினான்கு."
ஒற்றைத் தாள், "பதினைந்து."
ஐந்து டாலர் தாள், "இருபது. நல்லாக் கடிக்கட்டும்."
கோடு மட்டும்தான் இல்லை.
தவளை என் கையில் தாவித் தாவிப் போனது.

எழுதாதது இன்னொன்று:
மணியடித்து, ஒலிவாங்கி அணைந்த பிறகு
தாளை மறுபடி மடித்தபடி அவர் முணுமுணுத்தது.
முன்வரிசைக்கும் கேட்டிருக்காது.
"சொல்லித் தரலாம்னு உக்காந்தேன்.
அப்பாவுக்கு வராதுன்னு
தாளைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா."
எதிர்ப்பு, ஆதரவு, பொது என்று
என் படிவத்தில் மூன்றே கட்டங்கள்.

எதிர்ப்பு: பதினொன்று. ஆதரவு: இரண்டு.
தீர்மானம் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைப்பு.
முடிவு: இரவு 9.12.
மொத்த நேரம் என்ற இடத்தில் பேனா நின்றது.
ஏழு மணிக்குப் பதின்மூன்று,
ஒன்பதுக்கு இரண்டு மணி நேரம்,
மேலே ஒரு பன்னிரண்டு.
இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம்.
விரல் மேசையில் மூன்று இடம் தொட்டிருந்தது.
யாராவது பார்த்தார்களா என்று நிமிர்ந்தேன்;
பெஞ்சுகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில் ரெய்னோ
கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.
கடை காலை ஆறுக்குத் திறக்கும்.
எனக்கு இரை தீர்ந்துவிட்டது.
சரியாகச் சில்லறை கொண்டுபோவதா,
இல்லை, மறுபடி இருபதாகவே நீட்டுவதா.